ஸ்கேன்ல ‘தண்ணி கம்மி’ன்னு வந்தா உடனே வலி வரவைக்கணுமா?

போன வாரம் ரத்தசோகை பத்தி ஒரு வீடியோ போட்டேன். கீழ வந்த கேள்வியில பாதிக்கு மேல ரத்தசோகை பத்தியே இல்ல. "மேடம், 37 வாரம், ஏ.எஃப்.ஐ 7, அட்மிட் ஆகச் சொல்றாங்க, ஆகலாமா?" "தண்ணி ஆறரைதான் இருக்காம், ராத்திரி தூக்கமே வரல." "என் நாத்தனாருக்கு 4 இருந்தும் சுகப்பிரசவம் ஆச்சு, எனக்கு மட்டும் ஏன் ஊசி போடறாங்க?" அட, இரும்புச்சத்து மாத்திரையைப் பத்தி ஒரு கேள்வி கேக்கக்கூடாதா!

சரி, இன்னைக்கு இதை ஒரு வழி பண்ணிடலாம். பனிக்குடம்னா என்ன, அதுல நீர் எதுக்குன்னு எல்லாம் ஆரம்பிக்கப் போறதில்ல. ஒன்பதாம் மாசம் வரைக்கும் வந்தவங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? நேரா விஷயத்துக்கு வரேன்.

ஒருத்தங்க ரிப்போர்ட்டை நீட்டி "தண்ணி கம்மி"ன்னு சொன்னா, என் முதல் கேள்வி இதுதான்: எந்த அளவை வச்சுச் சொன்னாங்க? ஏன்னா அளக்கறதுல ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, வயித்தை நாலு பாகமாப் பிரிச்சு, ஒவ்வொரு பாகத்துலயும் ஆழமான நீர் இடத்தை மேலிருந்து கீழ அளந்து, நாலையும் கூட்டுறது. அதுதான் நீங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற ஏ.எஃப்.ஐ. 5 செ.மீ. அல்லது அதுக்குக் கீழன்னா கம்மி. 5லிருந்து 8 வரைக்கும் 'பார்டர்லைன்'னு எழுதுவாங்க. இன்னொண்ணு, வயித்துல இருக்கிறதுலயே ஆழமான ஒரே ஒரு பாக்கெட்டை மட்டும் அளக்கிறது. எஸ்.டி.பி.ன்னு போட்டிருக்கும், சில இடத்துல டி.வி.பி.ன்னு இருக்கும். அது 2 செ.மீ.க்குக் கீழ போனா கம்மி. கையோ காலோ தொப்புள்கொடியோ குறுக்க வராத தெளிவான இடமா இருக்கணும், அவ்வளவுதான்.

இந்த ஒரே பாக்கெட் முறைதான் பழசு. நாலையும் கூட்டுற முறையை 1987ல அமெரிக்காவுல ஃபீலன் என்கிற டாக்டரும் அவர் குழுவும் கொண்டுவந்தாங்க. நாலு இடம் பார்த்தா ஒரு இடத்தை விட துல்லியமா இருக்குமேன்னுதான் யாருக்கும் தோணும். உலகம் பூரா அதைப் பிடிச்சுக்கிச்சு. ஆனா அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க பாருங்க, அங்கதான் சுவாரசியம். ஜெர்மனியில நாலு ஆஸ்பத்திரியில, மாசம் முடிஞ்ச 1,052 கர்ப்பிணிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஏ.எஃப்.ஐ, இன்னொரு குழுவுக்கு ஒரே பாக்கெட்னு பண்ணினாங்க. 2016ல முடிவு வெளிவந்துச்சு. ஏ.எஃப்.ஐ பார்த்த குழுவுல 9.8 சதவீதம் பேருக்குத் தண்ணி கம்மின்னு வந்துச்சு. ஒரே பாக்கெட் பார்த்த குழுவுல 2.2 சதவீதம். அந்தக் காரணத்தைச் சொல்லி வலி வரவைச்சதும் ஏ.எஃப்.ஐ குழுவுல மூணு மடங்குக்கு மேல. பொறந்த குழந்தைங்க நிலைமை? வித்தியாசம் இல்ல. கூடுதலா வலி வரவைச்ச குழுவுல ஒரு குழந்தையும் கூடுதலா நல்லா இல்ல.

அதனாலதான் கேக்கறேன், எந்த அளவு? ஏ.எஃப்.ஐ 6, ஆனா ஒரு பாக்கெட் மட்டும் மூணு செ.மீ. இருக்குன்னு வைங்க. அது 'தண்ணி கம்மி' கணக்குலயே வராது. ரிப்போர்ட்ல அந்த ரெண்டாவது எண்ணைப் போடவே மாட்டேங்கறாங்க பல சென்டர்ல. ரெண்டையும் அச்சடிக்கிறதுக்கு என்ன கூடுதல் மை செலவாகப் போகுதோ தெரியல.

இன்னொண்ணு. நீர் 34லிருந்து 36 வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய், அதுக்கப்புறம் தானாவே குறைய ஆரம்பிக்கும். எல்லாருக்கும்தான். 32 வாரத்துல 13 இருந்துச்சு, இப்ப 9 ஆயிடுச்சு, ஐயோ வத்திப்போச்சுன்னு அழறவங்களுக்குச் சொல்றேன், வத்தலம்மா, அது இயல்பு. அதோட, ஸ்கேன் எடுக்கிறவங்க கருவியை வயித்துல கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே எண் குறையும். குழந்தை திரும்பிப் படுத்தா மாறும். காலையில ஒரு சென்டர்ல 7, சாயங்காலம் இன்னொரு சென்டர்ல 9ன்னு வந்தா நடுவுல ஒரு அதிசயமும் நடக்கல.

இப்ப, நிஜமாவே குறைஞ்சா ஏன் குறையுது? கர்ப்பத்தோட பின்பாதியில அந்த நீர்ல பெரும்பகுதி குழந்தையோட சிறுநீர்தான். முகத்தைச் சுளிக்காதீங்க. மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி மாதிரி ஒரு பக்கம் வந்துக்கிட்டே இருக்கு, குழந்தை முழுங்கறதால இன்னொரு பக்கம் போய்க்கிட்டே இருக்கு. வரத்து ஏன் குறையும்? நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போற ரத்தம் குறைஞ்சா, குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிட்டு சிறுநீரகத்துக்குக் குறைச்சுக்கும். சிறுநீர் குறையும், நீர் குறையும். நமக்கு நிஜமாப் பயம் இதுலதான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தா, குழந்தை எடை கூடாம நின்னுட்டா, நாள் தாண்டிப் போனா இப்படி ஆகும். அப்ப குறைஞ்ச நீர்ங்கறது ஒரு தகவல். நஞ்சுக்கொடி களைச்சுப் போச்சுன்னு குழந்தை அனுப்புற தகவல். அதை எண்ணுதானேன்னு தள்ளிவிடக் கூடாது. நீர் ரொம்பக் குறைஞ்சா தொப்புள்கொடி அமுங்கி, வலி வரும்போது குழந்தையோட இதயத் துடிப்பு இறங்கவும் செய்யும்.

தொட்டியில ஓட்டை விழறது ரெண்டாவது காரணம். பனிக்குடம் லேசா உடைஞ்சு நீர் கசியும். "வெள்ளைப்படுதுன்னு நினைச்சேன்", "சிறுநீர்தான் கட்டுப்படலன்னு நினைச்சேன்"னு நாலு நாள் கழிச்சு வருவாங்க. உள்ளாடை திரும்பத் திரும்ப நனைஞ்சா ஒரு நாப்கின் வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, அதைப் பார்த்தே பாதி சொல்லிடுவாங்க. கசிவுன்னா கிருமித் தொற்று பயம் வந்துடும், முடிவும் வேற மாதிரி போகும்.

மூணாவது மருந்து. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கிப் போடற டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குழந்தையோட சிறுநீரைக் குறைக்கும். 20 வாரத்துக்கு மேல தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2020ல எச்சரிக்கையே விட்டுச்சு. பிரஷருக்கு எனலாபிரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போடறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், அதெல்லாம் கர்ப்பத்துல கூடாத மருந்து.

"தண்ணி குடிச்சா கூடுமா?" கூடும். 1991லயே அமெரிக்காவுல பண்ணிப் பார்த்தாங்க, நீர் குறைவா இருந்தவங்க 2 லிட்டர் தண்ணி குடிச்சதும் சில மணி நேரத்துல ஏ.எஃப்.ஐ ஏறிச்சு. அதனால உடம்பு வறண்டு, சித்திரை வெயில்ல பஸ்ல நின்னுக்கிட்டு ஸ்கேனுக்கு வந்தவங்க, தண்ணியோ மோரோ இளநீரோ குடிச்சிட்டு திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொல்றது நியாயம்தான். இதயக் கோளாறு, கடுமையான பிரஷர் இருக்கிறவங்க இதை உங்க டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க. ஆனா நஞ்சுக்கொடி களைச்சுப் போயிருந்தா எத்தனை லிட்டர் குடிச்சும் அது சரியாகாது. எண் மட்டும் அழகாகும். அப்புறம் அந்த அர்ஜினின் பவுடரு, புரோட்டீன் டிரிப்ஸு... காசு உங்களுது, நான் என்ன சொல்ல. ஆதாரம் பலமா இல்ல. தண்ணியைக் குடிங்க, அது சும்மா கிடைக்குது.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், தலைப்புக்கு வெளியதான், பரவாயில்ல. "எப்படியும் வலி வரவைக்கப் போறீங்க, வெள்ளிக்கிழமை ரோகிணி நட்சத்திரம், ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க மேடம்"னு பெரியவங்க வந்து நிப்பாங்க. வலி வரவைக்கிறதுன்னா பட்டனை அமுக்குறதா? தலைப்பிரசவம், கர்ப்பப்பை வாய் இன்னும் கெட்டியா மூடியிருக்குன்னா, வியாழக்கிழமை காலையில ஜெல் வச்சா குழந்தை வெள்ளிக்கிழமை ராத்திரியும் வரலாம், சனிக்கிழமை எமகண்டத்துலயும் வரலாம். அதுக்கு நாம பஞ்சாங்கத்தைக் காட்ட முடியாது. ஜோசியர் குறிச்ச நேரம் தப்பிடுச்சுன்னு பேச்சு ஆரம்பிச்சதும் "அப்ப ஆபரேஷனே பண்ணிடுங்க"ன்னு வரும் பாருங்க, அங்க எனக்குக் கோவம் வரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன். தனியார்ல மட்டும் பார்த்தா 63.8. இந்தியா மொத்தத்துக்கும் 21.5தான். இதுக்கு டாக்டருங்களைத் திட்டுங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா கொஞ்சம் பஞ்சாங்கத்தையும் சேர்த்துத் திட்டுங்க.

அந்த சிசேரியன் எண்ணாலதான் "வலி வரவைச்சா கடைசியில கத்திதான்"ங்கற பயமும் பரவியிருக்கு. அது அப்படியே உண்மையில்ல. அமெரிக்காவுல 2018ல வெளிவந்த பெரிய ஆய்வு, 6,106 பேர், எல்லாருக்கும் தலைப்பிரசவம், வேற சிக்கல் கிடையாது. 39 வாரத்துல வலி வரவைச்சவங்கள்ல 18.6 சதவீதத்துக்கு சிசேரியன். காத்திருந்தவங்கள்ல 22.2. குறைஞ்சுதான் போச்சு. ஆனா அந்த ஆய்வுல இருந்தது நீர் குறைஞ்சவங்க இல்ல. அதோட, அங்க பொறுமையாக் காத்திருந்தாங்க. மத்தியானம் டிரிப்ஸ் போட்டு ராத்திரி எட்டு மணிக்கு "முன்னேற்றம் இல்ல"ன்னு தியேட்டருக்குத் தள்ளினா அந்த எண் இங்க வராது.

அப்ப என் தீர்ப்பு என்ன? திரும்பவும் அதேதான், எந்த அளவு? 37 வாரம் தாண்டி, ஒரே பாக்கெட் 2 செ.மீ.க்குக் கீழன்னு நல்லா அளந்து உறுதியாயிடுச்சுன்னா தள்ளிப் போடாதீங்க. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தோட நெறிமுறையே, வேற சிக்கல் இல்லாதப்பவும், 36 வாரத்துலேர்ந்து 37 வாரம் 6 நாளுக்குள்ள பிரசவம் பார்க்கச் சொல்லுது. அதுக்கப்புறம் தெரிஞ்சா அப்பவே. ஏ.எஃப்.ஐ 6, 7, பாக்கெட் நல்லா இருக்கு, குழந்தை எடை சரி, ரத்த ஓட்டம் சரி, அசைவு சரின்னா, எண்ணை மட்டும் காட்டி 37 வாரத்துல வலி வரவைக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். அடுத்தடுத்து செக்கப் வச்சுக்கிட்டு காத்திருக்கலாம்.

ஐயோ, நேரம் ஓடிடுச்சு, கேமரா பின்னாடி இருக்கிற தம்பி கையைக் காட்டறான். கேக்க வேண்டியதைச் சொல்லிடறேன், பேப்பர் எடுங்க. ஒரே பாக்கெட் எவ்வளவு? குழந்தை எடை போன ஸ்கேனைவிடக் கூடியிருக்கா? ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் பார்த்தாச்சா, நல்லா இருக்கா? குழந்தை துடிப்பைப் பதிவு பண்ற என்.எஸ்.டி. எப்படி? கசிவு இல்லேன்னு பரிசோதிச்சாச்சா? வலி வரவைக்கிறதுன்னா, கர்ப்பப்பை வாய் எவ்வளவு தயாரா இருக்கு, பிஷப் ஸ்கோர் என்ன? அது கம்மின்னா முதல்ல வாயை இளக வைக்கணும், ஜெல்லா, மாத்திரையா, ஃபோலி பலூனா? முன்னாடி சிசேரியன் ஆனவங்களா, கட்டாயம் சொல்லுங்க, மிசோபிராஸ்டால் மாத்திரை உங்களுக்குக் கூடாது, கர்ப்பப்பை கிழியிற ஆபத்து இருக்கு. வலி நடக்கும்போது குழந்தை துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பாங்களா? தோத்துப்போச்சுன்னு எப்ப சொல்வாங்க? நீர்க்குடம் உடைச்சு ஆக்ஸிடோசின் போட்டும், அம்மாவும் குழந்தையும் நல்லா இருந்தா, 12லிருந்து 18 மணி நேரமாவது பார்க்கணும். வாய் 6 செ.மீ. திறக்கிற வரைக்கும் மெதுவாத்தான் போகும், அது தோல்வி இல்ல. இதையெல்லாம் கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாங்களோன்னு நினைக்காதீங்க. கேள்வியை வீட்டுக்காரர் கையில எழுதிக் குடுத்துடுங்க, நீங்க படுத்துக்கிட்டு கேக்க முடியாது.

கடைசியா, இதை மட்டும் வேகமா சொல்லல. குழந்தை அசைவு வழக்கத்தைவிடக் குறைஞ்சாலோ, பச்சையாவோ பழுப்பாவோ நீர் வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோட கண்ணு மங்கினாலோ, அப்ப ஏ.எஃப்.ஐ எவ்வளவு இருந்தா என்ன. நேத்து எடுத்த ஸ்கேன் நல்லா இருந்துச்சேன்னு உக்காந்திருக்காதீங்க. வீடியோவுக்குக் கீழ கேள்வி எழுதிட்டு என் பதிலுக்கும் காத்திருக்காதீங்க, நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்ப்பேன். பக்கத்துல எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கோ அங்க கிளம்புங்க. வண்டி இல்லேன்னா 108.