பச்சை பிடித்த செப்புக் காசு! புளி போட்டுத் தேய்க்கலாமா?

ரெட்டியார்சத்திரத்தில் ஒரு விவசாயி கிணறு வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்ணோடு ஒரு செப்புக் காசு வருகிறது. விரல் நகம் அளவுதான் இருக்கிறது. உடம்பெல்லாம் பச்சை!

"செல்லாக் காசு" என்று அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பார். அல்லது வீட்டில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள்.

அது 1,600 ஆண்டுகளுக்கு முந்திய ரோமாபுரிக் காசாக இருந்தால்?

ஆற்று மணலில் காசு

இது வீண் கற்பனை அல்ல. திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம் வழியாகப் போகும் சாலை பழனியை அடைகிறது. பழனிக்கு அருகே கலையம்புத்தூரில் 1856-ம் ஆண்டு ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன.

திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர். தெற்கே மதுரை. கரூரில் அமராவதி ஆற்றிலும், மதுரையில் வைகை ஆற்றிலும் சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவை கி.பி. 4, 5-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றி 1994-ம் ஆண்டு தனி நூலே வெளியிட்டார்.

அடையாளம் என்ன?

ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் தலை பக்கவாட்டில் இருக்கும். தலையில் முத்துச்சரம் கட்டியிருக்கும். சுற்றிலும் லத்தீன் எழுத்துக்கள். அவை ஆங்கில எழுத்துக்களைப் போலவே இருக்கும். முதலில் "டி", "என்" என்று இருந்தால் "எங்கள் தலைவர்" என்று பொருள். அடுத்து வருவது அரசர் பெயர்.

பெயர் அழிந்துவிட்டதா? காசைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

இரண்டு சிப்பாய்கள், நடுவே கொடிக்கம்பம்: கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியும் அவர் மக்களும் ஆண்ட காலம்.

குதிரையில் இருந்து விழுபவனை ஈட்டியால் குத்தும் வீரன்: 361-ம் ஆண்டு வரை ஆண்ட 2-ம் கான்ஸ்டன்டியஸ் காலம்.

வரிசையாக நிற்கும் மூன்று அரசர்கள்: 5-ம் நூற்றாண்டின் தொடக்கம்.

படத்தின் அடியில் காசு அச்சடித்த ஊரின் சுருக்கப் பெயர் இருக்கும். "கான்ஸ்" என்றால் கான்ஸ்டாண்டிநோபிள். அதுதான் இன்றைய இஸ்தான்புல். "அலெ" என்றால் எகிப்து நாட்டு அலெக்சாண்ட்ரியா.

ரோமானியக் காசைப் பார்த்து இலங்கையில் செய்த காசுகளும் உண்டு. அவற்றில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகள் இருக்கும். சங்க காலப் பாண்டியர் காசோ பெரும்பாலும் சதுரம். அதில் யானை இருக்கும்.

தேய்த்தால் போச்சு!

இத்தனை செய்தியும் காசின் மேல்தோலில்தான் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பச்சையோடு எழுத்தும் போய்விடும். பிறகு அது வெறும் செப்புத் துண்டுதான்.

தங்கக் காசு பெட்டியில் உறங்கும். செப்புக் காசு கைமாறும். கிடைத்த காசுகளில் பல நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. ஆகவே அவை நம் ஊர்ச் சந்தைகளில் சில்லறையாகப் புழங்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

காசு கிடைத்தவர், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைப்பது நல்லது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

புளி குழம்புக்கு இருக்கட்டும். காசு பச்சையாகவே இருக்கட்டும்!