சிகிச்சை மறுக்கப்பட்டால்: திருநர்கள் அறிய வேண்டியவை

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போகும் திருநங்கையிடம், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பதற்கு முன்பே "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. ஓ.பி. சீட்டில் பழைய பெயரை எழுதி, வரிசை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறார்கள். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வந்தால், ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்ற பேச்சு முடியும்வரை நோயாளி நடையிலேயே காத்துக்கிடக்கிறார். திருநம்பிகளின் இக்கட்டு வேறு. தாடி வைத்த ஒருவர் மகளிர் நோய்ப் பிரிவின் வாசலில் நின்றால், "உங்க வீட்டம்மா எங்கே?" என்கிறார்கள்.

இப்படி ஒருமுறை கூனிக்குறுகியவர், அடுத்த முறை நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகிறார். சிலர் போவதே இல்லை. இந்தியாவிலேயே முதலாவதாக 2008இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தந்த மாநிலமும் இதுதான். அத்தனை பெரிய சிகிச்சைக்கு வழிசெய்த இடத்தில், காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி வர வேண்டியிருப்பது நமக்குப் பெருமை சேர்க்காது.

தவிர்க்க வேண்டிய ஆபத்துகள்

மருத்துவரிடம் போகத் தயங்குபவர்கள் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். தோழி சாப்பிட்டார் என்று கருத்தடை மாத்திரைகளைத் தாங்களாகவே கூடுதலாக விழுங்குவது பரவலாக நடக்கிறது. இதில் ஈஸ்ட்ரோஜன் அளவு மீறினால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். திருநம்பிகள் எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன், அளவு மிஞ்சினால் ரத்தத்தைத் தடிக்க வைக்கும். அதனால் ஹார்மோன் தொடங்கும் முதல் ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை தேவை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த ஹார்மோன் எடுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மருத்துவர் அல்லாத 'தாயம்மா' கையால் 'நிர்வாணம்' எனப்படும் ஆணுறுப்பு அகற்றத்தைச் செய்துகொள்ளும் வழக்கத்தில் ரத்தப்போக்கும் தொற்றும் உயிரைப் பறிக்கக்கூடும். பிழைத்தவர்களுக்கும் சிறுநீர்ப்பாதை சுருங்கி, பல ஆண்டு கழித்துத் தொல்லை வரலாம். அப்படியானவர்கள் வெட்கத்தை ஒதுக்கிவிட்டுச் சிறுநீரகவியல் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி உடலில் இருக்கும். கருப்பையை அகற்றாத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. நோயோடு தொடர்புள்ள இடத்தில் உடல் பற்றி மருத்துவர் கேட்பது நியாயம். தொடர்பில்லாத இடத்தில், "இது என் காய்ச்சலுக்கு எப்படித் தேவை?" என்று நோயாளி திருப்பிக் கேட்கலாம்.

சட்டம் உங்கள் பக்கம்

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நல்சா) வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மருத்துவமனைகளில் திருநர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்க வழிசெய்யும்படி மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்தது. அதன் 3ஆவது பிரிவு, சிகிச்சையை மறுப்பதையும் பாதியில் நிறுத்துவதையும் பாரபட்சம் காட்டுவதையும் தடை செய்கிறது. ஹார்மோன் சிகிச்சை, ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றுக்கு வழிசெய்வது அரசின் கடமை என்கிறது 15ஆவது பிரிவு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில் கையெழுத்தானது.

அவசர நிலையில் வரும் எவரையும் காப்பாற்றுவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பலர் தடுமாறுவது, "சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்" என்று கேட்கும்போதுதான். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதல்தான் தேவை. அவருக்காகத் தாய் தரும் ஒப்புதல்கூடச் செல்லாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"மருந்து கொடுத்து மாற்றிவிடலாம்" என்று சொல்லிப் பிள்ளையை மனநல மருத்துவரிடம் இழுத்துப்போகும் பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். அப்படிப்பட்ட 'மாற்று சிகிச்சை'யைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. அதைச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. திருநராக இருப்பதை உலக சுகாதார நிறுவனமும் தன் புதிய நோய் வகைப்பாட்டில் மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

முதலில், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தேதி, நேரம், பிரிவு, பேசியவர் பெயர் ஆகியவற்றை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டைப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்து, மருத்துவமனையின் புகார் அலுவலரிடம் மனு கொடுங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீனிடமோ கொடுத்து, மாவட்ட ஆட்சியருக்கு நகல் அனுப்புங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்காமல் வராதீர்கள்.

சிகிச்சையில் தவறு நேர்ந்ததாகத் தோன்றினால் மருத்துவ ஆவணங்களைக் கேளுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. 2021இல் கேரளத்தைச் சேர்ந்த திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய தீராத வலி பற்றிப் பொதுவெளியில் முறையிட்ட சிறிது காலத்தில் உயிரிழந்தார். மருத்துவமனை அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. வலியில் இருப்பவருக்கு உடனே இன்னொரு மருத்துவரின் கருத்தும், மனத்துக்கு ஒரு துணையும் கிடைத்தாக வேண்டும். மனம் உடைந்த நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எப்போதும் அழைக்கலாம்.

மருத்துவர்மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அரசு ஊழியர் உரிமையை மீறினால் ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையத்திடம் முறையிடலாம். சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது

நோயாளி சொல்லும் பெயரால் கூப்பிடுவது, அவருடைய பாலின அடையாளத்துக்கு ஏற்ற வார்டு தருவது, நோய்க்குத் தேவையானதை மட்டும் தனியறையில் கேட்பது, புகார் அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஓ.பி. வாசலில் எழுதிவைப்பது. இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. டீன் போடும் ஓர் உத்தரவு போதும்.

இதைக் கேட்கும் சுமையைத் திருநர்களின் தலையில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது. அடுத்த முறை உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது, "இங்கே திருநர்களுக்கான புகார் அலுவலர் யார்?" என்று நீங்களும் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், அந்தப் பதவியில் ஆளை அமர்த்தாமல் எந்த நிர்வாகமும் நெடுநாள் தட்டிக்கழிக்க முடியாது.