சட்டைப் பைக்குள் ஒரு காமிரா

"கைக்கு அடக்கமான நல்ல காமிரா ஒன்று வாங்க உத்தேசம், எது சிலாக்கியம்?" என்று கேட்கும் நண்பர்களை நாம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "அதை எடுத்துக்கொண்டு எங்கே போகப் போகிறீர்கள்?" நண்பர்களுக்குச் சிறிது கோபங்கூட வருகிறது. வாங்குகிற சாமானைப் பற்றிக் கேட்டால், போகிற ஊரைப் பற்றி விசாரிப்பானேன் என்று நினைக்கிறார்கள். ஆயினும், இந்த விஷயத்தில் ஊர்தான் முதல்; காமிரா பிறகு. சமீபத்தில் தர்மபுரி ஜில்லாவில் இரண்டு நாள் சுற்றி வந்தபோது நமக்கு இந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

படம் எடுத்த மறு நிமிஷமே அதை உறவினருக்கு அனுப்பிவிடும் கைபேசி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. அதற்கு மேலும், லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ விலையுள்ள ஒரு சிறு காமிராவை நடுத்தரக் குடும்பம் ஒன்று வாங்குமானால், அது பெண்ணின் படிப்புக்கென்று சேர்த்த பணத்திலிருந்தோ, வீட்டுக் கூரையைப் பழுது பார்க்க வைத்திருந்த தொகையிலிருந்தோ எடுத்த செலவாகவே இருக்கும். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குவதே நியாயம்.

இத்தகைய காமிராவை அமைக்கும் நிபுணரின் நிலைமை, குறுகிய மனையில் பெரிய வீடு கட்டச் சொல்லப்பட்ட கொத்தனாரின் நிலைமைதான். கூடத்தை அகலமாக்கினால் சமையலறை குறுகும். முற்றம் வேண்டுமென்றால் ஓர் அறை போய்விடும். காமிராவில் கூடம் என்பது ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடு. இதை ஸென்ஸர் என்கிறார்கள். தகடு பெரிதானால் மங்கலான வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். ஆனால் அதை நிரப்ப வேண்டிய லென்ஸும் கூடவே நீண்டு பருக்கும். லென்ஸின் வாய் அகலமாக வேண்டும், தூரத்துப் பொருளை அருகே இழுக்கும் ஜூமும் வேண்டும் என்றால் இன்னும் பருக்கும். பிறகு அது சட்டைப் பையில் நுழையாது. பெரிய தகடு, அகன்ற வாய், நீண்ட ஜூம், மெல்லிய உடல் ஆகிய நான்கையும் ஒருங்கே தரும் காமிராவை இதுவரை எவரும் செய்ததில்லை.

எவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதில்தான் வித்தியாசம். ஸோனி கம்பெனியார் 2012-ல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 100 என்னும் காமிராவின் எடை 240 கிராம், தகடு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். 2014-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் 24 முதல் 70 வரை செல்லும் ஜூமும், எஃப் 1.8 முதல் 2.8 வரை திறக்கும் லென்ஸும் இருந்தன. (24 என்பது அகன்ற பார்வை, 70 முகத்தை நெருங்கி எடுப்பதற்கு ஏற்றது. எஃப் எண் குறைந்தால் வாய் அகலம் என்று பொருள்.) 2018-ல் வந்த ஆறாம் பதிப்பிலோ ஜூம் 200 வரை நீண்டது, வாய் 2.8 முதல் 4.5 என்று குறுகிவிட்டது. கைநீளம் வந்தது, கண்ணொளி குறைந்தது.

ரிக்கோ கம்பெனியார் 2019-ல் வெளியிட்ட ஜி.ஆர். 3 நேர் எதிர்வழி சென்றது. தகடு 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், ஸோனியின் தகட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். எடையோ 257 கிராம்தான். இந்த மாயம் எப்படி? ஜூம் அடியோடு இல்லை. 28 என்னும் ஒரே அகன்ற பார்வை. அருகே வேண்டுமென்றால் காலால் நடக்க வேண்டியதுதான். பார்க்கும் கண்ணாடித் துவாரமும் இல்லை. முந்திய பதிப்பிலிருந்த பிளாஷ் விளக்கையும் எடுத்துவிட்டார்கள். பியூஜிபிலிம் கம்பெனியாரின் எக்ஸ். 100 வரிசையில் 2024-ல் வந்த ஆறாவது காமிராவில் அதேபோன்ற பெரிய தகடு, எஃப் 2 லென்ஸ், கண் வைத்துப் பார்க்கும் அழகான துவாரம், பிளாஷ் எல்லாம் உண்டு. எடை 521 கிராம். அது கோட்டுப் பைக்கு உரியதே தவிரச் சட்டைப் பைக்கு அல்ல. நம் நாட்டு வெயிலில் கோட்டு எங்கே போடுவது? கானன் கம்பெனியார் 2017-ல் பெரிய தகட்டையும் ஜூமையும் ஒரே உடலில் அடைத்தார்கள். ஜூம் முனையில் வாய் 5.6 ஆகச் சுருங்கிற்று. பானஸானிக் கம்பெனியார் 2014-ல் செய்தது வேடிக்கையானது. தகட்டைச் சற்றுப் பெரிதாகவே வைத்து, லென்ஸ் பருக்காமல் இருக்க அதன் ஒரு பகுதியை மட்டும் உபயோகித்தார்கள். தலைவாழை இலையைப் போட்டு ஓரங்களில் பரிமாறாமல் விட்ட விருந்து என்று சொல்லலாம்.

தகடு பெரிதென்றாலே வெளிச்சத்தில் வெற்றி என்று முடிவு கட்டுவதும் தவறு. ரிக்கோவின் தகடு ஸோனியைவிட 3 மடங்கு சொச்சம் பெரிது. ஆனால் ஸோனி மூன்றாம் பதிப்பின் 1.8 வாய், ரிக்கோவின் 2.8 வாயைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், ஸோனியின் அகன்ற முனையில், ரிக்கோவுக்குக் கிடைக்கும் அநுகூலம் மூன்றில் ஒரு பங்குதான். கடைக்காரர் இதை நமக்குச் சொல்லமாட்டார். ஆனால் ஸோனியில் ஜூமைக் கொஞ்சம் நீட்டியவுடன் வாய் குறுகத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி ஊருக்கு வருவோம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பாதையில் உள்ள அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் மண்டப விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் வர்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. காலமும் புகையும் ஈரமும் தின்றது போக மீந்தவை அவை. உள்ளே வெளிச்சம் குறைவு. பழைய வர்ணங்களின்மேல் பிளாஷ் அடிப்பது தகாது. அநுமதி கேட்டுக்கொண்டு, உள்ள வெளிச்சத்திலேயே எடுப்பதுதான் முறை. ஆகவே இங்கே பிளாஷ் இல்லாத காமிரா ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஜூமும் அவ்வளவாகத் தேவையில்லை. அப்படியானால் வேண்டியது என்ன? தட்டையான முதுகு! சிரிக்க வேண்டாம். காமிராவை முகம் மேல் நோக்கத் தரையில் கிடத்தி, இரண்டு வினாடி கழித்துத் தானே இயங்கும்படி வைத்துவிட்டு நாம் விலகிக்கொண்டால், ஒரு வினாடி நேரம் ஒளியை வாங்கினாலும் கை நடுக்கம் என்பதே கிடையாது. துவாரமும் பிதுக்கமும் இல்லாத காமிரா பலகைபோல அசையாமல் கிடக்கும். பின்புறம் கண்ணாடித் துவாரம் துருத்திக்கொண்டிருப்பதன் அடியில் கைக்குட்டையை மடித்து வைக்கவேண்டி வந்தது. துவாரத்தை எடுத்துவிட்டது ஒரு குறை என்று எண்ணிக்கொண்டிருந்த நாம் அந்த மண்டபத்தில் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டோம்.

பிற்பகலில் தர்மபுரி நகரில் தொல்லியல் துறையாரின் காட்சிசாலைக்குச் சென்றோம். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர் இதுவே. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இந்தப் பிரதேசத்தில் ஏராளம். அவற்றில் பல இங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வில்லும் வாளும் ஏந்திய உருவம். பக்கத்திலோ மேலேயோ வட்டெழுத்து வரிகள். செதுக்கு ஆழமில்லாதது. நேரே நின்று எடுத்தால் எழுத்தும் கல்லின் சொரசொரப்பும் ஒன்றாகிவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில்தான் எழுத்து எழுந்து நிற்கும். வெட்டவெளியில் நிற்கும் நடுகல்லுக்குக் காலை இளவெயிலோ மாலை வெயிலோ அந்த வேலையைச் செய்யும். உள்ளே இருப்பதற்கு, அநுமதி கிடைத்தால், ஒரு கைவிளக்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் பிடிக்கவேண்டும்.

இங்கே 28 பார்வைக் காமிரா நம்மைக் கைவிட்டது. எழுத்து பெரிதாக விழவேண்டும் என்று நெருங்கிப் போனால், கல்லின் அடி பருத்துத் தலை சிறுத்து, வீரன் கோபுரம்போல் நிற்கிறான். சற்றே விலகி நின்று குறுகிய பார்வையில் எடுப்பதே சரி. இதற்கு 40 பார்வையுள்ள ஜி.ஆர். 3 எக்ஸ் என்ற தம்பி 2021-ல் வந்திருக்கிறது; 70 வரை செல்லும் சிறு ஜூமும் நன்றாகவே உதவும். கைபேசியோ பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாகக் குழைத்து, புள்ளிகளைத் தேய்த்து அழகுபடுத்தித் தருகிறது. முகத்துக்கு அது ஒப்பனை. தேய்ந்த எழுத்துக்கு அது ஆபத்து. எது உளி வெட்டியது, எது இயந்திரம் மெழுகியது என்று நாளைக்குப் படிக்கும் அறிஞர் எப்படி அறிவார்? வயல் வரப்பில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் நடுகற்களுக்கு, என்றோ ஒரு குடும்பம் போகிற வழியில் நின்று எடுத்த படமே கடைசிச் சாட்சியாக ஆகிவிடக்கூடும். காமிராவின் விலையில் ஒரு பாதியை இந்தக் காரணத்துக்காகவே நாம் ஒப்புக்கொள்வோம்.

மறுநாள் ஒகேனக்கல். காவிரி பாறைகளில் மோதித் திவலையாய் எழும் புகையினால் 'புகையும் கல்' என்று கன்னடத்தில் பெயர் பெற்ற இடம். முந்திய நாள் கற்ற பாடமெல்லாம் இங்கே தலைகீழாயிற்று. வெளிச்சம் கண் கூசும் அளவுக்கு உண்டு. தகட்டின் அளவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனால் உச்சிவெயிலில் அருவிக்கு முன் நிறுத்திய குழந்தைகளின் முகங்கள் கரிக்கட்டையாக விழுகின்றன. நேற்று வேண்டாமென்ற பிளாஷ் இன்று வேண்டியிருக்கிறது. எக்ஸ். 100 காமிராவில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால், நல்ல வெயிலிலும் வேகத்தைக் குறைக்காமல் பிளாஷை உபயோகிக்கலாம். முகம் தெளியும், அருவியும் வெளுத்துப் போகாது. அருவி பஞ்சுப் பொதிபோல வழுக்கி விழவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி வேண்டும். அது ரிக்கோவிலும் எக்ஸ். 100-லும் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஸோனியின் மூன்றாம் பதிப்பில் இருந்தது, ஆறாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். தூரத்தில் சுழலும் பரிசல்களை எடுக்க நினைத்தவருக்கு 200 ஜூமின் அருமை அப்போது புரியும்.

திவலையைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய காமிராக்களின் லென்ஸ், உபயோகிக்கும்போது வெளியே நீண்டு, முடிந்ததும் உள்ளே மடங்குகிறது. மெல்லிய உடலின் ரகசியமே அதுதான், பலவீனமும் அதுதான். நீளும் குழலோடு ஈரமும் செம்மண் தூசும் உள்ளே போகின்றன. லென்ஸைக் கழற்ற முடியாதாகையால் தகட்டை நாமே துடைக்கவும் வழியில்லை. ரிக்கோவில் தகட்டைச் சிலிர்த்துத் தூசை உதறும் ஏற்பாடு இருக்கிறது; ஈரத்துக்கு ஏற்பாடு இல்லை. எக்ஸ். 100-ல் 2020-க்குப் பின் வந்தவை, தனியே வாங்கும் ஒரு வளையத்தையும் கண்ணாடியையும் முன்னால் மாட்டினால்தான் தூறலைத் தாங்கும். ஒலிம்பஸ் கம்பெனியாரின் டி.ஜி. 6 என்ற காமிராவைத் தண்ணீரில் 15 மீட்டர் ஆழம் வரை கொண்டுபோகலாம்; லென்ஸ் வெளியே வருவதே இல்லை. அதற்காக அவர்கள் தகட்டைக் கைபேசித் தகட்டின் அளவுக்குச் சிறிதாக்க வேண்டியிருந்தது. நாம் பரிசலில் ஏறுமுன் காமிராவை ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினோம். லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து ரூபாய்ப் பை காவல்!

மாலையில் பாப்பாரப்பட்டி. ஸ்ரீ சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்த ஊர் இது. குஷ்ட நோயினால் இரயிலில் ஏற அநுமதி மறுக்கப்பட்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று தேசபக்தியைப் பரப்பினார். இங்கே பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பினார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழுவதற்கு முன்பே, 1925 ஜூலை 23-ந் தேதி சிவா காலமானார். பிற்காலத்தில் எழுந்த அவரது நினைவிடத்தையும் பாரத மாதா நினைவாலயத்தையும் இன்று காணலாம்.

அதே 1925-ஆம் வருஷத்தில்தான் ஜெர்மனியில் லைப்ஸிக் சந்தையில் லைகா காமிரா முதன்முதலாக வைக்கப்பட்டது. அதை அமைத்த ஆஸ்கார் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தட்டுக்களைச் சுமக்கும் பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் இயலவில்லை. சினிமாப் பிலிமில் 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் சிறு படம் எடுத்துப் பிறகு பெரிதாக்கலாம் என்று துணிந்தார். உடலுக்குள் மடங்கும் லென்ஸும் அப்போதே வந்துவிட்டது. இன்றைய சட்டைப் பைக் காமிராக்கள் எல்லாம் அந்தப் பேரத்தின் வாரிசுகள்தாம்.

சுதேசியம் பேசியதற்காக 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு சிறை புகுந்தவரின் நினைவிடத்தில் நின்று ஜப்பானியக் காமிராவை எடுக்க நமக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. நம்மவர் இத்துறையில் முயலாமல் இல்லை. 1940-களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 'வாகீஸ்வரி' என்ற மரக் காமிராவைச் செய்து விற்றார். நாடெங்கும் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் அதை விரும்பி வாங்கினர். பரோடாவில் செய்த ஆக்பா கிளிக் 3 எத்தனையோ வீடுகளின் முதல் காமிரா. உதகமண்டலத்தில் 1960-ல் அரசாங்கம் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தது. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பாதி அந்தப் பிலிமில் எடுத்தவையாகத்தான் இருக்கவேண்டும். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. லென்ஸும் தகடும் இங்கேயே செய்யும் நாள் வந்தால், பிளாஷைப் பற்றியும் துவாரத்தைப் பற்றியும் நம் வெயிலையும் நம் கோயில் இருட்டையும் அறிந்தவர்கள் தீர்மானம் செய்வார்கள்.

நினைவிடத்தின் வாசலில் குடும்பத்தாரை வரிசையாக நிறுத்திவிட்டுக் காமிராவைத் திறந்தோம். அது கண் திறக்க மறுத்தது. சிறிய உடலுக்குச் சிறிய பாட்டரி. இருநூறு படத்துக்கு மேல் தாங்காது. அருவிக்கரையிலேயே அதை முழுவதும் செலவழித்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாற்றுப் பாட்டரி தர்மபுரி விடுதியில் பத்திரமாக இருந்தது. பாப்பாரப்பட்டிப் படத்தை நம் தங்கை மகளின் கைபேசியில் எடுத்தோம்.