உங்களுக்குத் தெரியுமா? காஞ்சியில் தங்கிய தியான ஆசான்

திருவண்ணாமலையில் விருபாட்ச குகையிலும் ரமணாசிரமத்திலும் மூச்சைக் கவனித்தபடி கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். அந்தப் பயிற்சியை நுணுக்கமாக எழுதிவைத்த பௌத்த ஆசான் புத்தகோசர், இங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர். தம் உரைநூல் ஒன்றின் முடிவில் அவரே அதைக் குறிப்பிடுகிறார். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் அவர் எழுதிய பாலி நூல்தான் 'விசுத்திமக்கம்'.

புத்தர் சொன்னதாக வரும் ஆனாபானசதி சூத்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்கு 16 படிகள். மூச்சை அடக்கச் சொல்லவில்லை; தொடக்கத்தில் அது நீளமா குட்டையா என்று அறிந்தால் போதும்.

அலையும் மனத்துக்குப் புத்தகோசர் தரும் வழி எண்ணுவது. ஐந்துக்குக் குறையக்கூடாது, பத்தைத் தாண்டக்கூடாது. முதலில் தானியம் அளப்பவரைப்போல மெதுவாக. பழகியபின், பட்டி வாசலில் உட்கார்ந்து வெளியேறும் மாடுகளுக்கு ஒவ்வொரு கல்லாகப் போடும் இடையரைப்போல வேகமாக. நம் களத்துமேட்டில் முதல் மரக்காலை 'லாபம்' என்று நிறுத்திச் சொல்லி அளப்பார்களே, அந்த நிதானம் முதலில் சொன்ன மெதுவான எண்ணிக்கையில் தெரிகிறது. நீள மூக்குக்காரருக்கு மூச்சு மூக்குநுனியில் படும், குட்டை மூக்குக்காரருக்கு மேலுதட்டில் படும் என்றுகூட எழுதியிருக்கிறார்! உட்கார்ந்து பார்த்தவர்களிடம் கேட்டறியாமல் இப்படி எழுத முடியாது என்றே நினைக்கிறேன்.

மனம் ஒடுங்கியதும் ஓர் அடையாளம் தோன்றும், பாலியில் 'நிமித்தம்'. ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு முத்து, இன்னொருவருக்குப் பஞ்சு, சிலந்திவலை, நிலா வட்டம். அவரவர் மனப்பதிவே காரணம் என்கிறது நூல்.

வெளிப்பொருளைப் பார்த்துப் பழகும் முறையும் உண்டு. விடியல்நிற மண்ணில் ஒரு சாண் நான்கு விரல் அகல வட்டம் செய்து, இரண்டரை முழம் தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணை மூடினாலும் அது அப்படியே தெரிகிறவரை பார்க்க வேண்டும். நெருப்புக்கு வேறு ஏற்பாடு: பாயிலோ தோலிலோ அதே அளவில் துளையிட்டுத் தொங்கவிட்டு, அதன் வழியே தழலை நோக்க வேண்டும். கீழே விறகையும் மேலே புகையையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள அடர்ந்த சுடரை மட்டும். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சிச் சுடரை ஊரே அண்ணாந்து பார்ப்பது வேறு மரபு, வேறு பக்தி. ஆனாலும் இந்தப் பகுதியைப் படிக்கையில் எனக்கு அந்த மாலை நினைவுக்கு வராமல் போனதில்லை.

1902 வாக்கில் விருபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக்காட்டிய பதில்களே 'நான் யார்?'. மூச்சடக்கமும் மூர்த்தி தியானமும் மனத்தை அடக்கத் துணைசெய்யும், அழிக்காது என்கிறார் அதில். விசுத்திமக்கத்தின் அமைப்பிலும் இதற்கு நெருங்கிய எண்ணம் உண்டு. மொத்தம் 23 அத்தியாயங்கள். மூச்சுத் தியானம் 8ஆவதில் முடிந்துவிடுகிறது, 14 முதல் கடைசிவரை ஞானம் பற்றியே.