கடந்து வந்தவரைக் கேட்போம்

அறுவைச் சிகிச்சை என்றதும் குடும்பமே கலங்குவது இயல்பு. நோயை மருத்துவர் விளக்குவார். ஆயினும் மயக்கம் தெளியும் முதல் இரவு எத்தகையது என்பதை, அதைக் கடந்தவரே சொல்ல இயலும்.

தாம்பரம் இதனை அறியும். ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த சானடோரியத்தை 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து நிறுவினார். காசநோய்க்கு மருந்து காணப்படாத அந்நாளில், அடுத்த கட்டிலில் தேறி வருபவரின் சொல் எத்தனை நெஞ்சங்களுக்குத் திடமளித்திருக்கும்!

நம் அன்பியங்களிலும் அறுவையைக் கடந்தோர் பலர் உளர். லூர்து அன்னை திருநாளாகிய பிப்ரவரி 11-ஐ 1993 முதல் திருச்சபை உலக நோயாளர் நாளாகக் கொண்டாடுகிறது. அன்று அவர்களைக் கூட்டிக் கேட்போம்: எதற்கு அஞ்சினீர்கள்? மருத்துவரிடம் எதைக் கேட்க மறந்தீர்கள்? வீடு திரும்பியபின் எது கடினமாயிருந்தது? எவருடைய உதவி தேற்றியது? விரும்புவோர் மட்டும் கூறட்டும். ஒருவர் உடல் மற்றவருக்கு அளவுகோலன்று. சிகிச்சையைப் பற்றி மருத்துவரையே கேட்க வேண்டும்.

நோயில்பூசுதல் பெற்றீர்களா என்றும் கேட்போம். அதனை 'இறுதிப் பூசுதல்' எனக் கருதி, குருவானவரை அழைக்கவே அஞ்சும் இல்லங்கள் உண்டு. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-ல் அங்கீகரித்த திருச்சடங்கோ, கடும் நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்வோரும் இதனைப் பெறலாம் என்கிறது. இது சாவின் அறிவிப்பன்று, நோயுற்றோருக்கான ஆறுதல்.

சீமோன் கட்டாயத்தின்பேரில் சிலுவை சுமந்தார். நாமோ பிறர் சுமையை விரும்பியே தாங்குவோம்.