காணி உறுதியில் கையெழுத்து வைக்க முன்

வடமராட்சியார் உழைக்கவெனக் கடல் கடந்தது யுத்தத்தோடு தொடங்கியதல்ல. நூறு வருடத்துக்கு முன்னரே ஆங்கிலப் படிப்பை நம்பி மலாயா ரெயில்வேக்கும் அரச கந்தோர்களுக்கும் போனார்கள். இரு கரையும் பிரித்தானியப் பேரரசு. கப்பலுக்குக் காசிருந்தால் போதும்.

1948இல் இலங்கை குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962இல் பிரித்தானியா பொதுநலவாய நாட்டவருக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியது. ஆனாலும் 1983 கலவரத்துக்குப் பின்னும் நம்மவர் முன்கூட்டி விசா எடுக்காமல் லண்டனில் இறங்க முடிந்தது. 1985இல் அதுவும் நின்றது. பொதுநலவாய நாட்டவரில் முதன்முதல் இப்படி விசா கேட்கப்பட்டது இலங்கையரிடம்தான். 1987இல் உரிய பத்திரம் இல்லாதவரை ஏற்றிவந்த விமானக் கம்பனிக்கும் தண்டம் விழுந்தது. அதே வருடம் நெல்லியடிப் பக்கம் இராணுவத்தின் ஒப்பரேசன் லிபரேசன். ஓடவேண்டிய நேரத்தில் வழி அடைபட்டது. ஆள் அனுப்பும் ஏஜென்சித் தொழில் கொழுத்தது அதனால்தான் என்பேன்.

இன்று போகிறவர்களில் உயிர்ப்பயத்தைவிடக் கடனும் வேலையின்மையுமே பலரைத் தள்ளுகின்றன. 1951 அகதிகள் சமவாயத்துக்குள் கடன் தொல்லை வராது. ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த கதையை ஒப்புவித்து விசாரணையில் முரண்பட்டால், உண்மையான பயமும் எடுபடாது. 2022 நவம்பரில் கனடா கனவோடு கப்பலேறிய 303 இலங்கையர் தென்சீனக் கடலில் தத்தளித்து வியட்நாமில் இறக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடலுக்கு முதலே குடும்பம் விழுவது காசு பிரட்டும் இடத்தில். ஈடு என்று பேசிக் கூட்டிப்போய், நொத்தாரிசின் மேசையில் காணியை முற்றாக விற்கும் அறுதி உறுதியை நீட்டுவார்கள். "தம்பி போய்ச் சேர்ந்து காசு அனுப்பினவுடன திருப்பி எழுதித் தாறன் அக்கா." காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசு உறுதியில்தான் இருக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். அந்த வாய்ச்சொல்லை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது பெரும்பாடு. உறுதியை வாசித்துப் பாருங்கள். ஈடு என்று இல்லாவிட்டால் பேனையைத் தொடாதீர்கள்.

வேலைக்கென்று ஆள் அனுப்புபவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்த வேலைக்கே பணியகம் அனுமதித்ததா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் வேலைக்கு மாறலாம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் தாமும் மாட்டுவோமென்று பொலிசுக்குப் போகப் பயப்படுகிறார்கள். அங்கீகரிக்கப்படாத துறையால் வெளியேறுவது குற்றம்தான். ஆனால் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் ஆள் அனுப்பும் ஏற்பாட்டாளரைத் தனியே குற்றவாளியாக்குகிறது. முதலில் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கீகாரமற்ற பயணத்துக்கென்று கொடுத்த காசை மீட்பது சிக்கல் என்பதையும் சட்டத்தரணி சொல்வார்.

பிந்தவும் கூடாது. எழுத்திலுள்ள உடன்படிக்கைக்குப் பொதுவாக 6 வருடத்துக்குள், வாய்ப்பேச்சுக்கு 3 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். "கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த மாசம் ரூட் திறக்கும்" என்று ஏஜென்ட் இழுத்தடிப்பதில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

காசை வங்கியால் மட்டும் கொடுங்கள். துண்டையும் வாட்ஸ்அப் குரல் பதிவையும் அழிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் காசு கைமாற முன்னரே பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள்.