திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில்?

சேலைக்குச் சின்னாளப்பட்டி, பூட்டுக்குத் திண்டுக்கல் என்று பெயர் வாங்கிய சீமை இது. சாமானைப் பார்த்து வாங்க நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலையைப் பிரிப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். “சாயம் போகுமா?” என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்தபின் கிழிசல் தெரிந்தால், மறுநாளே கடைக்குப் போய் மாற்றிவிடுவார்கள்.

இப்போது செல்போனே கடைவீதி ஆகிவிட்டது. படத்தைப் பார்க்கிறோம், பணத்தைக் கட்டுகிறோம். நத்தத்திலும் வேடசந்தூரிலும் வாசலுக்கே பார்சல் வருகிறது. பிரித்தால், கேட்டது சிவப்பு; வந்தது பச்சை!

“திருப்பி அனுப்புங்கள், பணம் வாபஸ்” என்கிறார்கள். சில ஊர்களுக்கு எடுத்துப்போக ஆள் வருவதில்லை. “நீங்களே தபாலில் அனுப்புங்கள்” என்று பதில் வருகிறது. அந்தச் செலவு யாருடையது?

140 ரூபாய் நஷ்டம்!

ஒரு கணக்குப் போடுவோம். சேலை விலை 500 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்த கூலி 60 ரூபாய். திருப்பி அனுப்ப 80 ரூபாய். விற்றவர் 500 ரூபாயை மட்டும் கொடுத்தால், 140 ரூபாய் நஷ்டம். கையில் சேலையும் இல்லை! “தொலையட்டும்” என்று பச்சைச் சேலையையே வைத்துக்கொள்ளத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

சட்டம் சொல்வது

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் இணைய வியாபாரத்துக்குத் தனி விதிகளும் வந்தன.

சாமான் பழுதா? போலியா? விளம்பரத்தில் சொன்னபடி இல்லையா? சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததா? அப்படியானால், விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. புயல், வெள்ளம் போன்ற காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு.

இன்னொரு விதி முக்கியமானது. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தை, விற்பவர் முன்கூட்டியே தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். மொத்த விலையில் அனுப்பும் கூலி எவ்வளவு என்றும் பிரித்துக் காட்ட வேண்டும்.

தபால் செலவை எப்போதும் விற்றவரே ஏற்க வேண்டும் என்று இந்த விதிகள் சொல்லவில்லை. ஆனால் தவறு அவருடையது என்றால், அதனால் உங்களுக்கு ஏற்பட்ட செலவை நஷ்டஈடாகக் கேட்கலாம்.

மனம் மாறினால்?

சேலை சொன்னபடிதான் வந்தது, உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. இது வேறு விஷயம். ஐரோப்பிய யூனியன் நாடுகளில், காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் பெரும்பாலான சாமான்களைத் திருப்பலாம். நம் நாட்டில் அப்படி ஓர் உரிமை இல்லை. அந்தக் கடை போட்டிருக்கும் நிபந்தனைதான் முடிவு.

என்ன செய்ய வேண்டும்?

பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். “தபால் செலவைத் தருவீர்களா?” என்று எழுத்தில் கேட்டபின் அனுப்புங்கள். தபாலாபீஸ் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் வரவில்லையா? கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால், நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், டில்லியில் இருந்தாலும் நீங்கள் ரயில் ஏற வேண்டாம்! நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் திண்டுக்கல்லிலேயே மனுக் கொடுக்கலாம். சாமானுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை பணம் கட்டுமுன், “திருப்பி அனுப்பும் செலவு” என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த விவரமே இல்லாத கடையில், சேலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசித்தே வாங்குங்கள்!